வரைபடத்தில் இருக்கும் வீடு

என் தேநீர்க்கடை மேசையில், பிஸ்கட் டின்னுக்கு அடியில் ஒரு வரைபடம் கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை போகும் பழைய கரையோரப் பெருந்தெரு அதில் நீலக் கோடாக ஓடுகிறது. மேலே ‘இலவசம்’ என்று தடித்த எழுத்து. சாய்ந்தமருதில் அந்தக் கோட்டிலிருந்து ஓர் ஒழுங்கை கடலுக்குப் பிரிகிறது. அதன் முடிவில் சின்னஞ்சிறு வீடு, பக்கத்தில் ‘தண்ணீர் குடிக்கலாம்’ என்று ஒரு வரி. அது என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், வீடு. சுனாமி வந்த காலையில் ராத்தாவும் வீடும் ஒன்றாகப் போயின.

இதை அச்சடித்தவர் ராத்தாவின் கணவர், என் மச்சான். கல்முனையில் ஓர் அச்சகத்தில் வேலை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டில் போய்க் குடியிருப்பான். ஆகவே கடல் அவரிடமிருந்து மனைவியை மட்டுமா எடுத்தது? ‘வீட்டுக்குப் போறன்’ என்று சொல்லும் உரிமையையும் எடுத்துவிட்டது. அச்சகத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். யுத்தம் முடிந்து, சோதனைச் சாவடிகள் அகன்று, தூரத்து ஊர் வேன்கள் அறுகம்பைக் கடற்கரைக்கு ஓடத் தொடங்கியதும், முதலாளியைச் சம்மதிக்க வைத்துப் பயணிகளுக்காக இந்தத் தாளை அடித்தார். தொழுமிடம், கழிப்பிடம், சாப்பாட்டுக்கடை எல்லாம் சரி. இந்த வீட்டைத் தவிர.

“மச்சான், இல்லாத ஊட்டப் போட்டிரிக்கீங்க. ஆக்கள் தேடிப் போய் ஏமாறப்போறாங்க.”

“ஏமாற உடுவனா? நான் நிப்பன்.”

நின்றார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் என் கடையில் குடத்தை நிரப்பிக்கொண்டு வீடிருந்த அந்த வெறும் வளவுக்குப் போவார். “மாப்பிள, மீனுக்கா தண்ணி கொண்டு போறீங்க?” என்று கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். “ஓம், அதுகளுக்கும் உப்புத்தண்ணி அலுத்திரிக்கும்” என்றுவிட்டு நடப்பார். பின்னேரம் குடம் நிறைந்தபடியே திரும்பி வரும்.

இறக்காமத்தில் அவருக்கு ஒரு பெண் பேசினோம். கணவனை இழந்தவர், சொந்த வீடு, தங்கமான குணம். மச்சான் ஒரு கூரைக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கட்டும் என்பதுதான் என் ஆசை. அவர் கேட்டார்: “நான் அங்க போனா, இங்க ஆராச்சும் வந்து ‘ஊட்டுக்காரர்’ எண்டு கூப்பிட்டா ஆரு எழும்பிப் போற?” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒருமுறை, மாவனல்லைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வரைபடத்தைப் பார்த்து அங்கே போய்விட்டு என் கடையில் இறங்கியது. “மண்ணுல பாய் விரிச்சு, ‘என்ட பொஞ்சாதிட ஊடு, கூச்சப்படாம இரிங்க’ன்னார்” என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண். “நாங்களும் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போனோம்.” அன்று மச்சான் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

மச்சான் மௌத்தாகி, மண்ணுக்குள் அடங்கி வருடங்களாயிற்று. இப்போது வருகிறவர்கள் கைப்பேசியில் வழி பார்த்துப் போகிறார்கள். அவர் என் கடையில் வைத்த வரைபடக் கட்டெல்லாம் தீர்ந்து இந்த ஒரு தாள்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு நான் குடத்தை நிரப்புகிறேன். வளவுக்கு யாரும் வருவதில்லை, அலைச்சத்தம் மட்டுந்தான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறேன். எந்த ஊர் வேனிலாவது அந்தத் தாள் இன்னும் கிடக்கலாம். தண்ணீர் குடிக்கலாம் என்று அதில் போட்டிருக்கிறதே.