இடைவெளி நாளில் பிடித்த கொசு

விரல் நீளமே உள்ள கண்ணாடிக் குப்பி அது. உள்ளே ஸ்பிரிட்டில் நாலைந்து கொசுக்கள் மிதக்க, அவற்றோடு ஒரு துண்டுக் காகிதமும் நனைந்தபடி நிற்கும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலில்தான் எழுதுவார்கள்: ஊர், இடம், நேரம், தேதி, பிடித்தவர்கள் பெயர். எங்கள் அலுவலக அலமாரியில் அத்தகைய குப்பிகள் தட்டுத் தட்டாக இருந்தன. வாரந்தோறும் அந்தச் சீட்டுகளைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போடியில் வாடகைக் கட்டடம் ஒன்றில் இயங்கிவந்தது எங்கள் கள அலுவலகம். மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் திட்டம் ஒன்றுக்காக, மலைத்தோட்டங்களிலும் அடிவார ஊர்களிலும் காய்ச்சல் பரப்பும் கொசுக்களைக் கண்காணித்தோம். அதிகாரியைத் தவிர எல்லோரும் ஒப்பந்தப் பணியாளர்கள். பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரே ஒரு நாள் வேலை இல்லை, அதற்கடுத்த நாள் புதிய ஆணை. நடுவில் விழும் அந்த ஒரு நாளை இடைவெளி நாள் என்போம். காகிதப்படி அன்று நாங்கள் யாரும் பணியாளர்கள் அல்ல. ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள் குறித்திருந்தது. ஒரு வாரம் தவறினால் வருடத்தின் கணக்கெடுப்பே ஓட்டையாகிவிடும். ஆகவே இடைவெளி நாளிலும் போனோம். "வாங்கன்னு நான் சொல்லலை. வராதீங்கன்னும் சொல்லலை" என்பார் அதிகாரி. ஜீப்புக்கு டீசல் மட்டும் முந்தின நாளே நிரப்பியிருக்கும்.

கொசு பிடிப்பதில் எங்களில் தேர்ந்தவரைப் பூச்சியக்கா என்று கூப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். விடியுமுன் மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்து, உட்கார்ந்திருக்கும் கொசுவைக் கண்ணாடிக் குழாயால் வாய்வைத்து உறிஞ்சிப் பிடிப்பார். அவரோடு போகும் இளைய பணியாளரை எல்லோரும் தங்கச்சி என்போம். அந்த வருடம் தங்கச்சிக்கு ஆறு மாதம். பிரசவ விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். தலைமையகத்திலிருந்து பதில் வந்தது: இடைவெளி நாளோடு பழைய பணி முடிந்துவிட்டது, புதிய பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆகின்றன, எனவே விடுப்புக்குத் தகுதியில்லை. வேண்டுமானால் விலகிக்கொண்டு பிறகு விண்ணப்பிக்கலாம். விலகியவர் யாரும் திரும்ப எடுக்கப்பட்டதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் அவளுடைய மலை வேலையைப் பங்கிட்டுக்கொண்டோம். குரங்கணிக்குப் பூச்சியக்கா, போடிமெட்டுக்கு ஓட்டுநர் அண்ணன், எழுத்து வேலைக்குத் தங்கச்சி. பிறகு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடி, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்புவதென்று முடிவு செய்தோம். இடைவெளி நாளிலும் அவள் வேலை பார்த்தாள், பணி நடுவில் அறுபடவில்லை என்பதே மனுவின் சாரம். அதற்குச் சான்று வேண்டுமே? வருகைப் பதிவேட்டில் அன்றைக்குக் கோடு கிழித்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே எந்திரிச்சது, குளிச்சது, இட்லி தின்னது எல்லாத்தையும் டைரில எழுதுற ஆளாச்சே. அதைக் கொண்டாங்க" என்றாள் தங்கச்சி.

எடுத்து வந்து, அந்தத் தேதியை நானே பெருமையோடு புரட்டினேன். என் கையெழுத்தில் ஒரே வரி: 'வேலை இல்லை. ஓய்வு.'

"ஓய்வா? ராசிங்காபுரம் மாட்டுக்கொட்டகையில சாணிக்கு நடுவுலயாண்ணே ஓய்வெடுத்தீங்க?" என்று தங்கச்சி கேட்டதும் ஓட்டுநர் அண்ணனுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வரி என்னைக் குடைந்தது. வேறு யாரும் படிக்காத டைரியில் நான் ஏன் பொய் எழுதினேன்? யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. முந்தைய வருடங்களின் டைரிகளையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடைவெளி நாளிலும் ஓய்வு.

பூச்சியக்காதான், "தம்பி, குப்பியப் பாப்பமா?" என்றார். அலமாரியில் தேடினோம். ராசிங்காபுரம், மாட்டுக்கொட்டகை, காலை ஐந்து மணி, இடைவெளி நாளின் தேதி, பூச்சியக்கா பெயர், தங்கச்சி பெயர். பென்சில் எழுத்து துளியும் மங்கவில்லை. நான் பதிவேட்டைத் திறந்தேன். அதில் அதே குப்பிக்கு முந்தின நாள் தேதி இருந்தது. பணியாளரே இல்லாத நாளில் கொசு எப்படிப் பிடிபடும், அக்கா தவறாக எழுதிவிட்டார் என்று நானாகத் திருத்தி ஏற்றியிருந்தேன். அந்தக் கொட்டகையில் அவர்களுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான்.

அதிகாரி குப்பியையும் பதிவேட்டையும் அருகருகே வைத்தார். "எது தப்பு?" என்றார். பதிவேடு தப்பு என்றால் என் அடுத்த ஆணை வராமல் போகலாம். சீட்டு தப்பு என்றால் தங்கச்சியின் வேலை போய்விடும். அவள் வாசற்படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றிருந்தாள். "பதிவேடுதான் சார் தப்பு. நான்தான் மாத்தினேன். எல்லா வருசமும் மாத்தியிருக்கேன்" என்றேன். அவர் பேனாவை எடுத்து, மனுவின் கீழே தன் கையாலேயே எழுதினார்: அன்று பணி நடந்தது, எனக்குத் தெரியும்.

தங்கச்சிக்கு விடுப்பு வந்தது. சிறப்பு நேர்வாக மட்டும் என்றது ஆணை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆணை இரண்டு வாரம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு வாரமும் என் வீட்டு வாசலில் எங்கள் ஆட்களில் யாராவது ஒருவருடைய சைக்கிள் நின்றது.

ஒருநாள் பூச்சியக்காவிடம், அந்த இடைவெளி நாளில் நானும் கொட்டகையில் இருந்ததாக, என் விளக்கத்தோடு அனுப்ப ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டேன். "தர்றேன் தம்பி. ஆனா இன்னிக்குத் தேதிதான் போடுவேன். இன்னிக்குத்தானே எழுதுறேன்?" என்றார். அப்படியே எழுதியும் கொடுத்தார். தலைமையகம் அதை ஏற்கவில்லை. ஆனால் எங்களுக்கு ஒரு வழக்கம் பிடிபட்டது. இடைவெளி நாளில் வேலை முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் அன்று செய்ததை அன்றைய தேதியிட்டு எழுத வேண்டும். தன்னைப் பற்றி யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது. அந்த நாளையும் பணிநாளாக ஏற்கக் கோரும் மனுவோடு சீட்டுகளைத் தைத்து அனுப்புகிறோம். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வருகிறது. இடைவெளி நாளும் வருடம் தவறாமல் வருகிறது.

பூச்சியக்கா இப்போது பணியில் இல்லை. இந்த வருடம் எனக்கு எழுதியவள் தங்கச்சி. "படிக்காதீங்கண்ணே, நேரா தைங்க" என்றாள். படித்தேன். நாலே முக்காலுக்கு வந்தார் என்று தொடங்கி, 'குளிரில் கை நடுங்கியது. டார்ச்சைக் கீழே வைக்கவில்லை' என்று முடித்திருந்தாள். இத்தனை வருட டைரியில் என் கை நடுங்கியதாக நான் எங்கும் எழுதியதில்லை. ஊசியில் நூலைக் கோத்து, மற்ற சீட்டுகளோடு அதையும் வைத்துத் தைத்தேன்.