காஜா அக்காவின் விரல் நுனி

முடி கொட்டியதற்குத் தெருவே துக்கம் விசாரித்தது. காஜா அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது. தையல் கடையில் சட்டையின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்தே முப்பது வருஷம் ஓட்டியவள். அதுவே பெயராகவும் ஒட்டிக்கொண்டது. "முடியாலயா நான் தைக்கிறேன்?" என்று தங்கை வாங்கி வந்த டோப்பாவைப் பெட்டிக்குள் வீசினாள்.

புற்றுநோய்க் கட்டிக்கு மருந்து ஏற்றிய முதல் நாளே நர்ஸ் விளக்கியிருந்தாள். "இந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாதுக்கா. ஒண்ணு ரெண்டாப் பிரியிற செல்லைத்தான் புடிக்கும். கட்டி ஓயாமப் பிரியுது. முடி வேர், வாய், குடல், ரத்தம் ஊறுற இடமும் அப்படித்தான். அடிபடும், ஆனா மறுபடி வந்துரும்."

"நரம்பு?"

"அது பிரியாது. ஆனா செல் பிரியறதுக்கு உள்ள சில இழை வேணும். மருந்து அதைத்தான் முடக்குது. அதே இழை நரம்புக்குள்ளயும் ஓடுது, விரல் நுனி வரைக்கும் சத்தைக் கொண்டுபோக. விரல் மரத்தா உடனே சொல்லுங்க, அளவைக் குறைக்கணும்."

குறைப்பதா? அந்த ஒரு சொல்தான் அவளைக் கெடுத்தது. மருந்து குறைந்தால் கட்டி வளரும் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். நாலாவது தடவை மருந்து ஏறியதும் விரல் மரத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். விரல் மரத்திருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஒரு சட்டையை நீட்டிப் பட்டன் போடச் சொல்வாள். யாரிடம்? காஜா அக்காவிடம்! கண்ணால் பார்த்தே சடசடவென்று போட்டுவிடுவாள். நர்ஸும் சரி என்று எழுதிக்கொள்வாள்.

எட்டாவது தடவை முடிந்த வாரம், தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளிகள். "யாருடி இதுல கறை பண்ணினது? கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று கடை அதிரக் கத்தினாள். பக்கத்து மெஷின்காரி மெல்ல அவள் கையைக் காட்டினாள். ஆள்காட்டி விரலில் ஊசி பாதி இறங்கி நின்றது.

"எப்போலேருந்து?" என்று கேட்டாள் நர்ஸ்.

"நாலாவதுலேருந்து."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பவே சொல்லியிருந்தா விரலையும் காப்பாத்தி, கட்டியையும் பாத்திருக்கலாமேக்கா. இனி முழுசாத் திரும்புமான்னு சொல்ல முடியாது."

கட்டி கரைந்தது. மருந்து நின்ற மூன்றாம் மாதம், முடி சொன்ன சொல் தவறாமல் முளைத்தது. விரல் மட்டும் கட்டையாகவே கிடந்தது. கேட்காதது வருகிறது, கேட்டது வரவில்லை என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"தொட்டுப் பாருக்கா, எவ்வளவு மெத்துனு இருக்கு!" தங்கை அவள் கையைப் பிடித்து அவள் தலையிலேயே வைத்தாள்.

காஜா அக்கா தடவினாள். இன்னொரு தரமும் தடவினாள்.

"நீயே சொல்லுடி," என்றாள். "எப்படி இருக்கு?"