கையெழுத்துப் போட வந்தவர்

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. காளவாசலில் அம்மா, அண்ணனோடு இருந்தேன். அந்த வருஷம் புது எக்ஸ்ரே மெஷின் வாங்கினார்கள். அதற்குப் பயிற்சி எடுக்க என்னை மெட்ராசுக்கு மூன்று நாள் அனுப்பினார்கள்.

எழும்பூர் பக்கத்தில் ஒரு ஹோட்டல். வரவேற்பில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். மூன்று நாள் வாடகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார். ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்சை எடுக்க நான் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பின்னால் வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினார். அவரிடம் எந்தக் கேள்வியும் இல்லை. சாவியைக் கொடுத்து, பெட்டியைத் தூக்க ஆள் அனுப்பினார்கள். கிரெடிட் கார்டு என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். மதுரைக்குத் திரும்பும் ரயிலிலேயே எனக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

டவுன்ஹால் ரோடு பக்கம் எனக்குக் கணக்கு இருந்த வங்கியில் அந்த வருஷம்தான் கார்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். போய்க் கேட்டேன். அதிகாரி என் பாஸ்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இதற்கு முன்னால் எங்கேயாவது கடன் வாங்கியிருக்கிறேனா என்று கேட்டார். பெருமையாக இல்லை என்றேன்.

"அதாம்மா சிக்கல். வாங்கிக் கட்டியிருந்தா உங்களப் பத்தி எங்களுக்கு ஒரு விவரம் தெரியும். இப்ப ஒண்ணுமே தெரியாதுல்ல" என்றார்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, பிக்சட் டெபாசிட் போட்டு அதை ஒரு வருஷத்துக்கு வங்கியிடமே ஈடாக விட வேண்டும். இல்லாவிட்டால், அதே வங்கியில் ஒழுங்காகக் கடன் கட்டி முடித்த யாராவது எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். டெபாசிட் போடும் அளவுக்கு என்னிடம் இருந்தது அம்மா செயின் வாங்கச் சொல்லிச் சேர்த்து வைத்திருந்த பணம் மட்டும்தான். அதைத் தொட மனசில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் இதைப் புலம்பலாகத்தான் சொன்னேன். எங்களோடு ஹெட் நர்ஸாக இருந்த அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் வீடு. கணவருக்குத் தையல் கடை. அந்தக் கடைக்கு மெஷின் வாங்க என் வங்கியில்தான் கடன் எடுத்து, மாதம் தவறாமல் கட்டி முடித்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டிபன் பாக்ஸ் கொண்டுவராமல் வந்தபோது தன்னுடையதில் பாதியை எனக்குத் தள்ளியவர் அவர்.

"நான் போடுறேன். வியாழக்கிழமை காலைல நைட் டூட்டி முடிச்சு நேரா பேங்குக்கு வந்துர்றேன். நீ பத்து மணிக்கு வந்துரு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கார்டை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் இருப்பதாகவும், மெட்ராசில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வங்கியின் கார்டை அவர் எடுத்துத் தருவதாகவும் சொன்னான். அதற்கு ஜாமீன் கிடையாது. ஊர் முழுக்கச் செல்லும், வெளிநாட்டிலும் செல்லும். புதன்கிழமை அந்த வழவழப்பான விளம்பரத்தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். அதில் விமானப் படிக்கட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கூட யாரும் இல்லை.

அந்தப் படம் என்னை இழுத்தது உண்மைதான். ஆனால் அதைவிட, அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைதான் வேலை செய்தது.

"இன்னைக்கு அவுங்க போடுவாங்க. நாளைக்கு அவுங்க வந்து உன்கிட்டக் கையெழுத்துக் கேட்டா என்ன செய்வ? முடியாதுன்னு சொல்ல முடியுமா?"

அப்படிக் கேட்டால் என்ன, போட்டுவிட்டுப் போகிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பயம்தான் வந்தது.

ஏஜெண்ட் வியாழக்கிழமை பத்தரைக்குத்தான் மதுரையில் இருப்பார், பதினொன்றரை பஸ்ஸுக்குத் திருச்சி போய்விடுவார் என்றான் அண்ணன். அக்கா வீட்டுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் போன் இருந்தது. அந்த நம்பர் என் கைப்பையில் இருந்தது. புதன்கிழமை சாயங்காலமே கூப்பிட்டிருந்தால் கடைக்காரர் ஆள் அனுப்பியிருப்பார். காலையில் நர்சிங் ஹோமுக்கே அடித்துச் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து நேரத்தைக் கடத்தினேன். பத்தரைக்கு பெரியார் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு காபி கடை மாடியில் ஏஜெண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சம்பளம் கொஞ்சம் குறைகிறது, கூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் எனக்கு டூட்டி. போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், காய்ச்சல் என்று ஆபீசுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் அக்கா நின்றார். கையில் ஒரு பாக்கெட் ரொட்டியும், நான்கு மாத்திரைகளும், தூக்குவாளியில் கஞ்சியும். கோரிப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நைட் டூட்டி பார்த்த கண்கள் சிவந்திருந்தன. வங்கி வாசலில் பன்னிரண்டரை வரைக்கும் நின்றாராம். வராமல் இருக்க மாட்டாளே, உடம்புக்கு ஏதோ என்று நினைத்து ஆபீசுக்குப் போன் செய்தபோது காய்ச்சல் என்று சொன்னார்களாம்.

நான் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அக்கா கிட்டே வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தார். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். நான் காய்ச்சல் என்று சொன்னது அவனுக்குத் தெரியாது. "வாங்கக்கா" என்று வரவேற்றுவிட்டு, என்னைப் பார்த்து, "உன் கார்டு அப்ளிகேஷன மெட்ராசுக்கு அனுப்பியாச்சாம். இனி அக்காவத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல" என்றான்.

அம்மா காபி போடுவதாகச் சொன்னார். வேண்டாம், தண்ணீர் போதும் என்றார் அக்கா. முழுவதும் குடித்தார். ரொட்டியையும் மாத்திரையையும் மேசைமேல் விளம்பரத்தாளின் பக்கத்தில் வைத்தார். கஞ்சியை ஒரு பாத்திரத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்லி, வாளியைக் கழுவி வாங்கிக்கொண்டார்.

"சரிம்மா, வாரேன்" என்றார், என் அம்மாவிடம்.

மறுநாளிலிருந்து அக்கா எப்போதும்போல்தான் பேசினார். நோயாளிகளை அனுப்புவார், பிலிம் கேட்பார், சாப்பாட்டில் ஊறுகாய் தருவார். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். திட்டாதவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மெட்ராசிலிருந்து நர்சிங் ஹோமுக்குப் போன் வந்தது. என் சம்பளம் என்ன என்று கேட்டார்கள். அக்கவுண்டன்ட் உள்ளதைச் சொல்லிவிட்டார். பிறகு இரண்டு வரியில் கடிதம் வந்தது, கார்டு தருவதற்கில்லை என்று. கடைசியில் செயினுக்குச் சேர்த்த பணத்தை என் வங்கியிலேயே டெபாசிட்டாகப் போட்டு, அங்கேயே கார்டு வாங்கினேன். மதுரையில் அதை நீட்டிய ஒரே துணிக்கடையில் கல்லாவில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார். மறுபடி மெட்ராஸ் போனபோது ஹோட்டலில் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். கூட யாரும் வரவில்லையா என்றும் கேட்டார்கள்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு சவுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மகள் படிப்புக்காகப் போவதாகச் சொன்னார். டிக்கெட்டுக்கும் மற்ற செலவுக்கும் வங்கிக் கடன் கேட்டிருந்தார். கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். வேலையில் இருக்கும் இன்னொருவருடைய ஜாமீன் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கடன் விண்ணப்பத்தை மேசைமேல் பிரித்து வைத்திருந்தார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். எனக்கு இப்போது அந்த வங்கியில் டெபாசிட் இருந்தது, கார்டு இருந்தது, ஒழுங்காகக் கட்டியும் வந்தேன்.

"பேனா இருக்காம்மா?" என்று கேட்டார்.

கொடுத்தேன். அவர் எழுந்து அக்கவுண்டன்ட் அறைக்குப் போனார். அந்த அறை பத்தடி தூரம். நான் போடுகிறேன் அக்கா என்று சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. கேட்காதவரிடம் போய் எப்படிச் சொல்வது, வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் அக்கவுண்டன்டின் கையெழுத்தோடு திரும்பி வந்து பேனாவை மூடி என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார்.

சவுதிக்குப் போன பிறகு நர்சிங் ஹோமுக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடிதம் எழுதினார். வெயில் நம் ஊர்போலத்தான், ஆனால் வேர்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவர் பேரையும் சொல்லி விசாரித்திருந்தார், என் பேரையும் சேர்த்து. கடிதத்தின் பின்புறத்தில் விலாசம் இருந்தது. அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். தனியாக எழுத வேண்டியதை எழுத நான்கைந்து தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள அக்கா, நலம்" என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுதவில்லை.