பொட்டுக்கு அடியில் இருந்த தொப்பி

போன வருடம் ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம், பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் நடந்தது இது.

எங்கள் வீட்டில் பழைய படம் என்று ஒன்றுதான் உண்டு. அப்பாவின் அப்பா, தோளில் பட்டையும் மார்பில் பளபளக்கும் பொத்தான்களும் வைத்த உடுப்பில் விறைப்பாக நிற்பார். அப்பா தவழ்கிற வயதில் அவர் பட்டாளத்துக்குப் போய்ச் சண்டையில் செத்துவிட்டார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. அதற்கு அந்த உடுப்பு ஒன்றுதான் சாட்சி. ஊரில் எங்கள் வீட்டுக்கே 'பட்டாளத்தார் ஊடு' என்று பெயர். தேங்காய்க் களத்தில் மூட்டை தூக்கும் அப்பாவை யாராவது 'வாடா போடா' என்றால், "நான் பட்டாளத்தார் பையனுங்க" என்பார். அதில் பணிவும் இருக்கும், எச்சரிக்கையும் இருக்கும்.

அமாவாசைதோறும் அப்பா படத்தின் கண்ணாடியைத் துடைத்து, செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரி சந்தனமும் குங்குமமும் வைப்பார். நெற்றியில் இல்லை. பட்டாளத்துக்காரருக்கு மரியாதையே தொப்பிதான் என்று, தொப்பியின் நடுவில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோவையில் கல்லூரி முடித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். ஒரு நாள் அப்பா, "அது எந்தப் பட்டாளம்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடு கண்ணு. அவரு செத்த எடத்த ஒருக்கா பாத்துப்போட்டு வந்தர்லாம்" என்றார். இணையத்தில் தேடினேன். எந்த உடுப்போடும் பொருந்தவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் தெரியும் என்று இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம்.

ஸ்டுடியோக்காரர் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பொட்டு மறைத்திருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. அப்பா என் வாயையே பார்த்தார். நான் ஆசையாகச் சத்தம் போட்டே படித்துவிட்டேன். 'பேண்டு செட், பொள்ளாச்சி.'

அந்தக் காலத்துக் கல்யாண பேண்டுக்காரர்கள் பட்டாளத்துக்காரர்களைத் தோற்கடிக்கிற மாதிரிதான் உடுப்புத் தைப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார் ஸ்டுடியோக்காரர்.

திரும்பும் பேருந்தில், ஊர் நெருங்கும்போது அப்பா கேட்டார்.

"சண்டைக்குப் போனவரு வரலைன்னா அதுல ஒரு நாயம் இருக்குது கண்ணு. கண்ணாலத்துக்கு வாசிக்கப் போனவரு ஏன் வரல?"

கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தத் தலைமுறையில் யாரும் உயிரோடு இல்லை.

அந்த அமாவாசையன்றும் கண்ணாடியைத் துடைத்தார். சந்தனத்தை விரலில் எடுத்தவர் அப்படியே நின்றார். செத்தாரா இல்லையா என்றே தெரியாத ஆளுக்கு எப்படிப் பொட்டு வைப்பது என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார். இப்போது களத்தில் யார் என்ன சொன்னாலும் பேசாமல் மூட்டையைத் தூக்குகிறாராம். நாங்கள் வெளியே சொல்லவில்லை. ஊருக்கு இன்னும் அது பட்டாளத்தார் வீடுதான்.

யார் என் படிப்பைப் பாராட்டினாலும் எனக்கு அந்த ஸ்டுடியோதான் கண்முன் வருகிறது. வீரனின் பிள்ளையாகவே தலை நரைத்த என் அப்பா, நான் படித்துக் காட்டிய அந்த ஒரு வரியில், பெற்றவன் விட்டுவிட்டுப் போன பிள்ளையாகிவிட்டார்.