வண்டிப் பெட்டியில் ஒரு துண்டு

எங்கள் பத்திரிகையின் திருச்சிப் பதிப்பில் மாவட்டச் செய்திப் பக்கங்களை நான் பார்க்கத் தொடங்கி இருபது வருஷம் ஆகப்போகிறது. இதற்குள் எத்தனை விபத்துப் படங்கள் என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. லாரி கவிழ்ந்தால் படம், கொள்ளிடத்தில் முழுகினால் படம், ரயிலில் அடிபட்டால் படம். முதல் வருஷம் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அதைத்தான் ஆபீசில் அனுபவம் என்கிறார்கள்.

முன்பெல்லாம் முகத்தோடேயே போடுவோம். ஒருநாள் காலை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். "பெருமாளைச் சேவிச்சுட்டு ஆத்துக்கு வந்து, காபியைக் கையில வச்சுண்டு பேப்பரைப் பிரிச்சா மண்டை பிளந்து கெடக்கான் ஒருத்தன். ஏம்மா, உங்காத்துக்கெல்லாம் இந்தப் பேப்பர் வர்றதில்லையா?" என்றார். நானும் ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருக்கிறேன், எங்கள் வீட்டுக்கும் அதே பேப்பர்தான் வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தைத் தனியாக உருவி வைத்துவிட்டுத்தான் என் மகளிடம் பேப்பரைக் கொடுப்பேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் பேசவே, கம்ப்யூட்டரில் முகத்தை மங்கலாக்கிப் போட்டோம். அச்சில் அது இன்னும் கோரமாக வந்தது. "என்ன இது, முகத்துல உப்புமாவைக் கொட்டுன மாதிரி இருக்கு" என்று நியூஸ் எடிட்டர் எரிந்து விழுந்தார். அந்த மாசம் பகுதிநேர நிருபர்கள் கூட்டத்தில் நான்தான் வழி சொன்னேன். அவர்களுக்கெல்லாம் வேறு பிழைப்பு உண்டு. ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், ஒருவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எல்லோரும் பைக்கில் சுற்றுகிறவர்கள்.

"வண்டிப் பெட்டியில ஒரு வெள்ளைத் துண்டு வச்சுக்குங்க. மொதல்ல முகத்தை மூடிடுங்க, அப்புறம் படம் எடுங்க. செத்தவங்களுக்கும் மரியாதை, நமக்கும் படம் கெடைக்கும். முகம் தெரிஞ்சா நான் போடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நியூஸ் எடிட்டர்கூடப் பாராட்டினார். என் மூளைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் பேப்பரில் செத்தவர்கள் எல்லோரும் சலவைத் துண்டுக்கு அடியில் கௌரவமாகக் கிடந்தார்கள். வாசகர்களும் போன் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

எனக்கு இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. வாட்ஸ்அப்பில் வருகிற படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கமாட்டேன். கடுகு சைஸில் வரிசையாக இருக்கும்போதே வெள்ளையாக ஒன்று தெரிகிறதா என்று தேடுவேன். தெரிந்தால் அதை எடுத்துப் பக்கம் போடுகிறவரிடம் தள்ளிவிடுவேன்.

அரியமங்கலம் விபத்துப் படத்தையும் அப்படித்தான் எடுத்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர், வார லீவு நாளில் காந்தி மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு மொபெட்டில் திரும்பியிருக்கிறார். லாரி தட்டிவிட்டது. ரோட்டில் சின்ன வெங்காயம் சிதறிக்கிடக்க, முகத்தில் துண்டோடு அவர் கிடந்தார். நல்ல படம் என்று நியூஸ் எடிட்டர் நாலு பத்தி அகலத்துக்குப் போடச் சொன்னார். 'சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார்' என்று செய்தியில் எழுதியது நான். யாரும் சொல்லி எழுதவில்லை. கை தானாக எழுதுகிற வரி அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அவருடைய மகள் ஆபீசுக்கு வந்தாள். ஏழு மாசம் இருக்கும். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கை வரை இருந்தன. செக்கப்புக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். சண்டைக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அதற்கான வருத்த வாசகங்கள் என்னிடம் தயாராக இருந்தன.

"எங்கப்பா படம் போட்டிருந்தீங்க மேடம். முகம் மூடாத படம் ஏதாவது இருக்குமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மாசமா இருக்கறவ பாக்கக் கூடாதுன்னு என்னையப் பக்கத்து குவார்ட்டர்ஸ்ல உக்கார வச்சுட்டாங்க. பறைச் சத்தம்தான் கேட்டுச்சு. எடுத்துட்டுப் போனப்புறம்தான் கதவைத் திறந்துவிட்டாங்க. ஊரே பாத்துருச்சு. உங்க பேப்பர்ல அத்தனை பேரு பாத்துட்டாங்க. பெத்த மக நான் பாக்கல." அழவில்லை. பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று மூடுகிறோம். பார்த்தே ஆகவேண்டியவள் ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். "இருங்கம்மா, பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனேன். காட்டிவிடலாம் என்றுதான் போனேன்.

கம்ப்யூட்டரில் எட்டுப் படங்கள் இருந்தன. எடுத்ததையெல்லாம் மொத்தமாக அனுப்பிவிடுவது அரியமங்கலம் நிருபரின் வழக்கம். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். முதல் மூன்றில் துண்டு இல்லை. முகம் அப்படியொன்றும் கோரமாக இல்லை, காதோரம் மட்டும் ரத்தம். முதல் படத்தில் வலது கை ரோட்டில் கிடந்தது. இரண்டாவதில் அதே கை சட்டைப் பையின் மேல் இருந்தது. நாலாவதில் துண்டு வந்துவிட்டது. ஆறாவதில் அவர் விரல்கள் துண்டின் ஓரத்தைப் பிடித்திருந்தன. ஏழாவதில் கை மறுபடியும் ரோட்டில் கிடந்தது. நாங்கள் போட்டது அந்த ஏழாவது படம்.

அவர் உயிரோடு இருந்திருக்கிறார். துண்டை விலக்கப் பார்த்திருக்கிறார்.

வராந்தாவுக்குப் போய் நிருபருக்குப் போன் செய்தேன். "கூட்டத்துல எல்லாரும் முடிஞ்சுருச்சுன்னாங்க மேடம்" என்றார். "நாடி பாத்தீங்களா?" என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். "கை அசைஞ்சிருக்குங்க. நீங்க கவனிக்கலையா?" அதற்கு அவர், "வெயில்ல ஸ்கிரீன்ல ஒண்ணுமே சரியாத் தெரியல மேடம். ஆம்புலன்ஸ் வந்துட்டா படம் கெடைக்காதேன்னு பாத்தேன். முகம் தெரிஞ்சா போடமாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க" என்றார். அவர் என்மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொன்னார். திட்டுவதற்கு வாய் வராமல் போனை வைத்துவிட்டேன்.

திரும்பி வந்து அந்தப் படங்களை அழிக்கப் போனேன். முடியவில்லை. அந்த மனிதர் கையை அசைத்தார் என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. இருபது வருஷத்தில் எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்காக எடுக்கப்பட்டதையெல்லாம் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

முதல் மூன்று படங்களை மட்டும் காட்டியிருக்கலாம். ஆனால் கை இடம் மாறியிருப்பதை அவள் பார்த்துவிடுவாள். வயிற்றுப்பிள்ளைக்காரி அதைத் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக.

"அந்த ஒரு படம்தாம்மா இருக்கு. வேற இல்ல" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். எழுந்து நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பரவால்ல மேடம். ஸ்பாட்லயே போயிட்டாருன்னு நீங்க எழுதியிருந்தீங்கல்ல, அந்தப் பேப்பரை எடுத்து வச்சிருக்கேன். வலி தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"அந்தத் துண்டு எங்க வீட்டுது இல்ல. யாரோ ஒருத்தங்க அப்பா மேல வெயில் படக் கூடாதுன்னு அவங்க துண்டைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. யாருன்னே தெரியாத மனுஷன். உங்க ஆளுங்களுக்கு அவரைத் தெரிஞ்சா, நான் நன்றி சொன்னேன்னு சொல்லிருங்க மேடம்."

சொல்லிவிடுகிறேன் என்றேன். துண்டைப் போடச் சொன்னவள் நான்தான் என்று என் வாயில் வரவில்லை.