நாற்பத்தோராம் கல்

என் வீட்டுக்காரருக்கு வேலை, மலையுச்சியில் அரணை எண்ணுவது. இதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று கல்யாணம் பேசும்போதே என் அண்ணன் வாயைப் பிளந்தார். தருகிறார்கள். முப்பது வருடமாக மாதம் இரண்டு முறை விடியும்போதே ஏறிவிடுவார். மரங்கள் முடிந்து புல்லும் பாறையும் மட்டும் இருக்கிற இடத்தில், எண் போட்ட அறுபது தட்டைக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் இருப்பதை நோட்டில் எழுதி, கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும். அந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத அரணையாம். விரல் நீளம், எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு.

மனிதருக்கு மறதி அப்படி. கண்ணாடி, சாவி எல்லாம் போகட்டும். ஒருமுறை என்னையே பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து, வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார். "அரணை புத்தி" என்று திட்டினால் மட்டும் முகம் சுண்டிவிடும். "என்னைச் சொல்லு, அரணையச் சொல்லாத" என்பார்.

போன கோடையில் ஒருநாள், மலையிலிருந்து இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தவரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நாற்பத்தோராம் கல்லடியில் ஒரு தாய் நான்கு முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்ததாம். அதை எழுதும்போதுதான் நான் போன் செய்து, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டிருக்கிறேன்.

"கல்லத் திருப்பி வச்சேனான்னு தெரியல" என்றார். வெயில் பட்டால் முட்டை காய்ந்துவிடுமாம்.

போன் செய்தது நான். குடையை எடுத்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் ஏறினேன்.

கல் புரண்டுதான் கிடந்தது. தாய் ஓடவில்லை. முட்டைகளை உடம்பால் மூடிக்கொண்டு வெயிலில் கிடந்தது. கல்லை எடுக்கப்போன என்னைத் தடுத்தார். சூடேறிய கல்லை மேலே வைத்தால் எல்லாம் வெந்துவிடும் என்றார். பாட்டில் தண்ணீர் முழுவதையும் கல்லில் ஊற்றினார். அது ஆறும்வரை, பல்லியைக் கண்டாலே அலறுகிற நான், ஓர் அரணைக்குக் குடை பிடித்தேன். அதன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர், பாசி படிந்த பக்கம் மேலே வரும்படி கல்லை வைத்தார்.

அடுத்த மாதம் அவர் இறங்கிவரும் வழியிலேயே போய் நின்றேன்.

"நாலும் பொரிஞ்சிடுச்சு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவர் கொண்டுபோன குடையைக் காணோம்.

அன்றிலிருந்து அவரை அரணை புத்தி என்று திட்டுவதில்லை. அந்தத் தாயைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை.