என் தம்பிக்குச் சொல்லாத ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நோயில் படுத்தவர் பிழைத்து எழுந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பெரியவர் அவரைக் கைப்பிடித்து ஆலயத்தின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தி, இவர் பிழைத்தார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்ல வேண்டும். பெரிய பேச்செல்லாம் கிடையாது. சொல்லிவிட்டு வந்து பாயில் உட்கார வேண்டியதுதான். மாடு முட்டிப் பிழைத்தவனுக்குச் சொன்னார்கள். பிரசவத்தில் பிழைத்தவளுக்குச் சொன்னார்கள். ஒருவருக்குப் பல்வலி நின்றதற்குக்கூடச் சொன்னார்கள், நான் என் காதால் கேட்டேன். அம்மை கண்டு சாகக் கிடந்து எழுந்த என் தம்பிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவன் யார் வீட்டுப் பிள்ளை? சாட்சாத் உபதேசியார் வீட்டுப் பிள்ளை.

உபதேசியார் என்றால் எங்கள் நைனாதான், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வடமாலபேட்டைக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் சின்ன ஊரில், ஞாயிறு தோறும் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, செத்தவர்களைப் புதைத்து, எல்லாம் அவரே. பட்டம் பெற்ற போதகர் சித்தூரில் இருந்தார். எப்போதாவது ரயிலேறித் திருப்பதியில் இறங்கி, வண்டி பிடித்து வந்து சேருவார். அவர் வரும் ஞாயிற்றில்தான் எங்களுக்குத் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும்.

அந்தத் திருவிருந்துக்கு எல்லோரும் போய்விட முடியாது. எங்கள் ஜனங்கள் தாத்தா காலத்தில் சபைக்கு வந்தவர்கள். நிலமில்லாதவர்கள், ரெட்டிகளின் வயலில் வேலை செய்து பிழைத்தவர்கள். புது ஆண்டவரைப் பிடித்துக்கொண்டாலும், ஆபத்து என்று வந்தால் கால் தானாகப் பழைய வழிக்குத்தான் போகும். வாசலில் வேப்பிலை சொருகினால் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கொல்லைப்பக்கம் சொருகி வைப்பார்கள். கயிறு கட்டினால் இடுப்பில் கட்டி மறைப்பார்கள். நைனாவிடம் அதெல்லாம் நடக்குமா? மோப்பம் பிடித்துவிடுவார். போதகரிடம் சொல்லித் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைப்பார். நிறுத்தப்பட்டவர்கள் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார வேண்டும். உள்ளே மற்றவர்களுக்கு அப்பம். அவ்வளவு கறார் மனிதர்.

அந்த வருஷம் வெயில் ஏறும்போதே ஊரில் அம்மை வந்தது. நான் சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தேன். விடுமுறைக்கு வந்து பார்த்தால் தம்பி வாழையிலையில் கிடக்கிறான். சர்க்கார் ஆள் வந்தபோது நைனாவே முன்னால் நின்று அவனுக்கு அம்மைப்பால் குத்த வைத்திருந்தார். அது அவன் உடம்பில் பலிக்கவில்லை. உடம்பில் ஊசி குத்த இடமில்லாமல் முத்து. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டு கண்ணே தெரியவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்திருந்த ஒரு இந்து அம்மாள், எங்கள் அம்மாவுக்கு உயிர்த் தோழி, தினமும் மோர் கொண்டுவந்து வைப்பாள். ஒரு நாள் நைனாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க வாத்தியாரே. ஆத்தா வந்துகீறா. ஏரிக்கரைக் கங்கம்மாவுக்கு ஒரு சொம்பு கூழ் ஊத்தினா அவ மனசு குளுந்துடும்."

"உன் மனசு எனக்குத் தெரியும் தாயி. எங்களுக்கு ஒரே ஆண்டவருதான். நீ போய் வா" என்றார் நைனா. குரல் திடமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, உச்சி வெயிலில், ஏரிக்கரைப் பக்கமிருந்து அவர் நடந்து வருவதைப் பார்த்தேன். கையில் காலிச் சொம்பு.

"இன்னா நைனா, இந்த வெயில்ல எங்க போய் வர்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் உறைக்கவில்லை, மடச்சி.

அந்த வாரக் கடைசியில் தம்பிக்கு முத்து வாடத் தொடங்கியது. ஒரு கண் திறந்தது, பிறகு இன்னொன்று. "பசிக்குதும்மா, எதுனா துன்னக் குடு" என்றான். அம்மா ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். நைனா எழுந்து கொல்லைக்குப் போனார். சந்தோஷத்தில் அழப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வந்த ஞாயிற்றுக்குப் போதகரும் வந்திருந்தார். தம்பிக்குப் புதுச் சட்டை. வழக்கப்படி நைனா கூப்பிடுவார் என்று அவன் பாயின் ஓரத்தில் துடியாக உட்கார்ந்திருந்தான். பிரசங்கம் முடிந்தது. நைனா அவனைக் கூப்பிடவில்லை. தனியாக முன்னால் போய் நின்றார்.

"நான் கங்கம்மாவுக்குக் கூழ் ஊத்தினேன்" என்றார். "எம் பையன் செத்துடுவான்னு பயந்துட்டேன். ஊத்திட்டுக் கண்ண மூடினேனா, பழக்கத்துல ஆமென்னு சொல்லிட்டேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். போதகர் முறைத்தார். நைனா சிரித்தவர்களைக் கோபிக்கவில்லை. "சிரிங்க. அங்கயும் நெஜமா நிக்கல, இங்கயும் நெஜமா நிக்கல" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே தானே வெளியே நடந்து மரத்தடியில் போய் உட்கார்ந்தார். அவர் நிறுத்தி வைத்தவர்கள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

உபதேசியார் வேலை போயிற்று. நைனா கரும்பு வெட்டவும் வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போனார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அறுப்புக் காலம் முடிந்ததும் போதகரே வந்து, போதும், உள்ளே வாரும் என்றார். நைனா வரவில்லை. போதகர் வரும் ஞாயிறெல்லாம், பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அவரை யாரும் நிறுத்தவில்லை, அவரே நிறுத்திக்கொண்டார். வீட்டில் மாலை ஜெபத்துக்கும் உட்கார மாட்டார். அம்மாதான் நடத்துவாள்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு விடுமுறையில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"போதகரே மன்னிச்சாச்சு. உங்களுக்கு இன்னா வந்துது? புள்ளைக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லக்கூடாதா? ஊர்ல அத்தினி பேரும் சொல்றாங்களே!"

கையிலிருந்த வேர்க்கடலையை உரித்துத் தட்டில் போட்டார். பிறகு சொன்னார்.

"யாரு காப்பாத்தினாங்கன்னு எனக்குத் தெரியலம்மா. நான் ஆண்டவர விட்டுட்டு அங்க போய்க் கேட்டவன். இப்ப எந்த வாயால அவருக்கு நன்றி சொல்றது? அவரு என்ன கைவிட்டுட்டாரு. விடறதுதான் நாயம். நானா இருந்தாலும் விட்டிருப்பேன்."

பெற்ற பிள்ளை கண்ணெதிரே ஓடி ஆடுகிறான், அவன் உயிரோடு இருப்பதற்குச் சந்தோஷப்பட இந்த மனிதருக்கு வழியில்லை. தம்பியோ, தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்தான். "அக்கா, எனக்கு மட்டும் ஏன் சொல்லல? நான் பொழைச்சது நைனாவுக்குப் புடிக்கலயா?" என்று கேட்டான். பாவி, இதைக் கேட்க வைத்துவிட்டாரே!

இப்படியே வருஷங்கள் போயின. தம்பி என் தோள் உயரம் வளர்ந்துவிட்டான்.

ஒரு ஞாயிறு, போதகர் வந்திருந்தார், நானும் விடுமுறைக்கு வந்திருந்தேன். பிரசங்கம் முடிந்தது, நைனா வழக்கம்போல் எழுந்து போனார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. நைனாவை ஒரு நாளும் 'நீங்க' என்றல்லாமல் கூப்பிட்டதில்லை. போதகர் அப்பத்தைக் கையில் எடுத்தார். அம்மா சட்டென்று எழுந்தாள், புடவையை உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

நேரே நைனாவின் எதிரில் போய் நின்றாள்.

"யோவ்! அவன் கண்ணு மூடிக் கெடந்தப்போ மோர் குடுக்க வந்தாளே என் தோழி, அவ கொரலக் கேட்டுட்டு, நீதான் எங்கம்மா, என்ன இட்டுக்கினு போன்னு அழுதான் உம் புள்ள. நீ தூக்கப் போனே. நீ வாணாம் போன்னு உன் கைய ரத்தம் வரக் கடிச்சான். நான் பாத்துக்கினுதான் இருந்தேன். கீழ போட்டியா நீ அவன?"

நைனா திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லு. போட்டியா?"

"அவனுக்கு ஜொரம். அவனுக்கு இன்னா தெரியும்?"

"உனக்கு மட்டும் அன்னிக்கு இன்னா தெரிஞ்சுது? புள்ள போயிடுமேன்னு உனக்கும் ஜொரந்தான். நீ மனுசன். கடிச்ச புள்ளய இன்னும் இறுக்கித்தான் புடிச்சே. ஆண்டவரு உன்னவிட மட்டமாய்யா?"

ஜன்னல்கள் திறந்திருந்தன. உள்ளே போதகர் அப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மரத்தடியில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா மூச்சு வாங்க நின்றாள். பிறகு தான் பேசிய பேச்சு தனக்கே பயமாகிப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனா தரையில் கையை ஊன்றி எழுந்தார். ஆலயத்துக்குள் வந்தார். தம்பி உட்கார்ந்திருந்த பாய்க்குப் போய் அவன் கையைப் பிடித்தார். அவனுக்கு வெட்கம், மீசை அரும்பும் வயசு, ஆனாலும் எழுந்து கூடப் போனான். இரண்டு பேரும் முன்னால் போய் நின்றார்கள்.

"இவன் எம் மகன்" என்றார். "அம்மையில செத்திருப்பான். சாவல. ஆண்டவரே, நான் உன்ன விட்டுட்டுப் போனேன். போன எடத்துலயும் நீதான் என் கூட நின்னுகினு இருந்தே. எனக்குத்தான் தெரியல. எம் புள்ள பொழைச்சான், உனக்கு ஸ்தோத்திரம்."

தம்பி குழந்தைபோல் விக்கி விக்கி அழுதான். நைனா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு போதகரைப் பார்த்து, "ஐயா, மரத்தடியில இன்னும் ஆளுங்க கீறாங்க. அவங்களையும் கூப்புடுங்க, அப்புறமா நான் வாங்கிக்கிறேன்" என்றார்.